பதினொரு விநாடி இக்னேசியஸ்

கழுவிய கிளாஸை இக்னேசியஸ் அண்ணை அடிப்பக்கத்தில் பிடிப்பார், இடது கையின் மூன்று விரல்களால் மட்டும். துவாயின் ஒரு மூலையை வலது பெருவிரலால் கிளாஸுக்குள் அமத்துவார். பிறகு துவாயைச் சுற்றமாட்டார், கிளாஸைச் சுற்றுவார். மூன்று சுற்று, நாலாவது கிடையாது. லைற்றுக்கு நேரே தூக்கி, வலது கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பார். திருப்தி என்றால் கிளாஸை வலது கைக்கு மாற்றி, அதன் அடியை இடது மணிக்கட்டு எலும்பில் ஒரு தட்டு. டொக். அதற்குப் பிறகுதான் கவிழ்த்து வைப்பார். துவாய் இடது தோளில் ஏறும். எங்கள் வீட்டில் ஏழு கிளாஸ்கள், விநாயகமூர்த்தி அண்ணையுடையதைச் சேர்க்காமல். சாப்பாடு முடிந்தால் ஏழு டொக் கேட்கும். ஆறு கேட்டால் எட்டிப் பார்ப்பேன். ஏதோ ஒன்றில் கறை கண்டு மறுபடி தண்ணீருக்குள் போட்டிருப்பார்.

கிளாஸில் இவ்வளவு கவனமாக இருந்தவர் மனிதர்களோடு அப்படி இருக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டார், கேட்காததற்குச் சண்டைக்கு வருவார். ஒருநாள் என்னுடைய கவிதைச் சஞ்சிகையை மேசையில் விரித்து அதன்மேல் கருவாட்டு முள்ளைக் குவித்து வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னடா, பக்கத்துக்கு எட்டு வரிதானே கிடக்கு. மிச்சம் வெறும் இடம். அதிலைதான் வைச்சனான்” என்றார். எட்டு வரிக்கு மேலேயும் முள் கிடந்தது. எனக்கு அவரைப் பிடிக்காது என்பதை அன்றைக்குத்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வீடு ஸ்காபரோவில், எக்ளிண்டன் தெருவுக்குக் கொஞ்சம் உள்ளே. வாடகைக்கு எடுத்தவர் விநாயகமூர்த்தி அண்ணை. ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், இருபத்தாறு வருடம் எழுதுவினைஞர். இங்கே ஒரு வாகனத் தரிப்பிடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ரிக்கற் கொடுத்தார். ஆனால் வீட்டில் இன்னும் கச்சேரிதான் நடத்தினார். குளியலறைக்கு நேர அட்டவணை, குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கொரு தட்டு, மீறினால் கதவில் கடிதம். மேல்மாடியில் அவரும், கார்க் கதவுக்கு ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையில் வேலை செய்த சுலக்சனும். கீழே பேஸ்மென்றில் இக்னேசியஸ் அண்ணையும் நானும். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அவர் புரண்டு படுத்தால் எனக்குக் கேட்கும்.

இக்னேசியஸ் அண்ணை பாசையூர்க்காரர், மீன்பிடிக் குடும்பம், 1995இல் நாற்பத்தேழு வயது. கலியாண மண்டபம் ஒன்றின் குசினியில் வேலை. மனைவி கிளடிஸும் இரண்டு பெண் பிள்ளைகளும் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு அறைக்குள் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட ஸ்பொன்சர் போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தபாற்காரர் வரும் நேரத்தில் அவர் வாசலடியில் நிற்பார். வெறுங்கையோடு திரும்பினால் அன்று பின்னேரம் பேஸ்மென்றில் கசெற் சத்தமாகப் போகும். கிற்றார், மூக்கால் பாடுகிற ஒரு ஆண் குரல், குதிரை நடக்கிற மாதிரி ஒரு தாளம். அமெரிக்கக் கிராமத்துக் கன்ரி பாட்டு. விநாயகமூர்த்தி அண்ணை மேலே நின்று குதிக்காலால் தரையில் இடிப்பார். இவர் இன்னும் கொஞ்சம் கூட்டுவார்.

“உதென்ன பாட்டு ஐசே, ஆடு கத்துற மாதிரி?”

“ஆடு கத்துறது உங்களுக்கு விளங்கும். இது விளங்காது.”

அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் பாடம், ஒருவரும் நம்பாத கதை. இருபத்தைந்து வயதில் கப்பலில் வேலைக்குப் போனவர் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, கப்பலுக்குத் திரும்பாமல் நடந்துவிட்டாராம். ரெக்சஸில் ஒரு பீர் மண்டபத்தில் மூன்று வருடம் கிளாஸ் கழுவினாராம். இசைத்தட்டுக் கொம்பனிகளோடு கோபித்துக்கொண்டு வந்த தாடிக்காரப் பாடகர்கள் அங்கேதான் பாடினார்களாம். அவுட்லோ, சட்டவிரோதிகள் என்று அவர்களுக்குப் பெயர். அவர்களில் ஒருவன் இவருடைய மீன்கறியைத் தின்றுவிட்டு, உறைப்புத் தாங்காமல் கண்ணீர் வடிய மேடைக்குப் போனானாம். சனங்கள் பாட்டின் சோகத்தில் அழுகிறான் என்று நினைத்துத் தாங்களும் அழுதார்களாம். இன்னொருவன் தன் தொப்பியைக் கழற்றி இவருக்குக் கொடுத்தானாம். 1976இல் குடிவரவுக்காரர் பிடித்துத் திருப்பி அனுப்பியபோது தொப்பியும் போய்விட்டதாம்.

“சட்டவிரோதியள் எண்டு அவங்களுக்குப் பேர்,” என்பார். “மேடையிலை நிண்டவங்கள் எல்லாரும் அமெரிக்கப் பாஸ்போட் வைச்சிருந்தவங்கள். அந்த மண்டபத்திலை மெய்யான சட்டவிரோதி நான் ஒருத்தன்தான். எனக்கு ஒருத்தனும் கை தட்டேல்லை.”

சுலக்சன் கை தட்டுவான். “ரெக்சஸ் அண்ணை, குதிரையை எங்கை கட்டினனீங்கள்? பஸ் ஸ்ரொப்பிலையோ?”

“உன்னை மாதிரி ஒண்டிலைதான் ஏறித் திரிஞ்சனான்.”

புழுகு என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இங்கிலிஷ் பேசுவார், ஆனால் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. தபாலில் வரும் எல்லாவற்றையும் என்னிடம்தான் தருவார், உத்தரவு போடுவது மாதிரி: “படி.”

விநாயகமூர்த்தி அண்ணைக்கும் அவருக்கும் பகை பாட்டினால் வந்தது என்று சுலக்சன் சொல்வான். நான் பார்த்தது வேறு. விநாயகமூர்த்தி அண்ணைக்கு என்று ஒரு கிளாஸ் இருந்தது, நீலக்கோடு போட்டது. மேல் தட்டில் தனித் தட்டம் ஒன்றின்மேல் கவிழ்ந்திருக்கும். மற்ற ஏழோடும் சேராது, நாங்கள் ஒருவரும் தொடுவதில்லை. ஏன் என்று அவர் சொன்னதில்லை. எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையும் இல்லை. அந்த மாரியில், தை மாதம் ஒருநாள், அந்தக் கிளாஸ் தொட்டிக்குள் கிடந்தது. இக்னேசியஸ் அண்ணை மற்றவற்றோடு அதையும் கழுவி, மூன்று சுற்றுச் சுற்றி, தட்டி, மேல் தட்டில் வைத்துவிட்டார். சிறிது நேரத்தில் விநாயகமூர்த்தி அண்ணை வந்து பார்த்தார். கிளாஸை எடுத்துச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவினார். இரண்டாம் முறையும் கழுவினார். மூன்றாம் முறையும். இக்னேசியஸ் அண்ணை வாசற்படியில் துவாயோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கறை இருந்ததோ?” என்று கேட்டார்.

விநாயகமூர்த்தி அண்ணை திரும்பவில்லை.

“இல்லை, கறை இருந்ததோ எண்டு கேக்கிறன். இருபது வருசமாக் கிளாஸ் கழுவுறன். நான் விட்ட கறையை ஒருக்கால் காட்டுங்கோ, பாப்பம்.”

“அவரவர் சாமானை அவரவர் பாக்கிறது நல்லது,” என்றார் விநாயகமூர்த்தி அண்ணை. அடுத்த நாள் குசினிக் கதவில் அதே வசனம் கடிதமாக ஒட்டியிருந்தது. இக்னேசியஸ் அண்ணை அதை என்னிடம் வாசிக்கச் சொல்லவில்லை. அது தமிழில் இருந்தது.

மாசி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு ரீவியில் அரை மணி நேரத் தமிழ் நிகழ்ச்சி வரும். விநாயகமூர்த்தி அண்ணை அதைத் தவறாமல் பதிவார். மூன்றரைக்கே வெறும் வீடியோக் கசெற் ஒன்றைப் போட்டுவிட்டுச் செற்றியில் இருப்பார். அன்றைக்கும் இருந்தார். சுலக்சன் தரையில் படுத்துக்கொண்டு சனல்களை மாற்றிக்கொண்டு போனான். ஒரு சனலில் கிற்றார் கேட்டது.

இக்னேசியஸ் அண்ணை குசினியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தார். “மாத்தாதை! விடு, விடு!”

“ஏன் அண்ணை, உங்கடை சொந்தக்காரரோ?”

“வாயைப் பொத்தடா.”

அது ஒரு விவரணப்படம். எழுபதுகளின் தொடக்கத்தில் கன்ரி பாடகர்கள் சிலர் இசைக் கொம்பனிகளோடு முரண்டு பிடித்ததைப் பற்றியது. என்ன பாட்டு, பின்னால் எத்தனை வயலின், தலைமயிர் எவ்வளவு நீளம் என்று எல்லாவற்றையும் கொம்பனியே தீர்மானித்த காலம். இவர்கள் தாடி வளர்த்தார்கள், எங்கள் வாத்தியக்காரரோடுதான் பதிவோம் என்றார்கள், ரெக்சஸுக்குப் போய்ப் பழைய களஞ்சியங்களிலும் பீர் மண்டபங்களிலும் பாடினார்கள். பழைய படச்சுருள், நிறம் எல்லாம் மண்ணிறமாகக் கலங்கியிருந்தது. தொப்பி போட்ட மாட்டுக்காரர்களும் பூப்போட்ட சட்டைப் பொடியன்களும் ஒரே வாங்கில் இருந்து குடித்தார்கள்.

“இதுதான்!” இக்னேசியஸ் அண்ணையின் குரல் உடைந்தது. “இதுதான்ரா நான் வேலை செய்த மண்டபம்!”

“ரெக்சஸிலை இருக்கிற மண்டபம் எல்லாம் உம்மடைதானே,” என்றார் விநாயகமூர்த்தி அண்ணை.

“கூரையைப் பாருங்கோ, தகரம். மழை பெய்தா பாட்டுக் கேக்காது. உந்தக் கறுப்புக் கதவு தெரியுதெல்லே? அதுக்குப் பின்னாலை என்ரை தொட்டி.”

விநாயகமூர்த்தி அண்ணை எழுந்து போய்ப் பதிவுப் பொத்தானை அமத்தினார். “நல்லது. பதிஞ்சு வைப்பம். கறுப்புக் கதவுக்குப் பின்னாலை கக்கூஸ் வந்தால் பிறகு கதையை மாத்தக்கூடாது.”

சுலக்சன் தரையில் உருண்டு சிரித்தான்.

கறுப்புக் கதவு திறந்தது. கமெரா ஒரு பாடகனுக்குப் பின்னால் உள்ளே போனது. அவன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, மூச்சு எப்போது விடுவது என்றுகூடக் கொம்பனிக்காரன் எனக்குச் சொன்னான் என்று கோபமாகப் பேசினான். அவன் தோளுக்கு மேலால் ஒரு தொட்டி தெரிந்தது. தொட்டியடியில் ஒல்லியாக, கறுப்பாக, தோள்வரை தலைமயிரோடு ஒருவன். முகம் பாதி நிழலில். ஒரு கிளாஸை அடியில் மூன்று விரலால் பிடித்திருந்தான். துவாயைச் சுற்றவில்லை, கிளாஸைச் சுற்றினான். மூன்று சுற்று. லைற்றுக்குத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். கையை மாற்றினான். பாடகன் பேச்சை நிறுத்திய ஒரு இடைவெளியில் சத்தம்கூடக் கேட்டது.

டொக்.

பதினொரு விநாடி. பிறகு நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

“பாத்தியளோ!” இக்னேசியஸ் அண்ணை இரண்டு கையையும் தட்டினார், தண்ணீர் எங்கள்மேல் தெறித்தது. “பாத்தியளோ! மூண்டு வருசமாப் புழுகன் எண்டனீங்கள்! சொல்லுங்கோ இப்ப!”

விநாயகமூர்த்தி அண்ணை பதிவை நிறுத்தினார். கசெற்றை வெளியே எடுத்தார். அதை முழங்காலில் வைத்துக்கொண்டு, கச்சேரியில் ஒரு கோப்பை விரிப்பது மாதிரி நிதானமாகக் கேட்டார்:

“பாத்தம் ஐசே. அப்ப எழுபத்துமூண்டிலையிருந்து எழுபத்தாறு மட்டும் நீர் அமெரிக்காவிலை. பிடிச்சுத் திருப்பி அனுப்பினவங்கள். இங்கை கேஸ் எழுதேக்கை உதை எழுதினனீரோ?”

அந்த வீட்டில் யாருக்கும் அந்தக் கேள்வியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அகதிக் கோரிக்கைப் போமில், முன்பு எந்தெந்த நாட்டில் இருந்தாய், எங்கிருந்தாவது திருப்பி அனுப்பப்பட்டாயா என்று கேட்டிருக்கும். எங்கள் ஆட்கள் பலர் அதில் யாழ்ப்பாணத்தைத் தவிர வேறொன்றும் எழுதுவதில்லை. நாடு ஒன்று கூடினால் கேள்வி ஒன்று கூடும். இக்னேசியஸ் அண்ணையின் போமை நிரப்பியவர் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருந்த செலீன் அக்கா. “ரெக்சஸை விட்டிடு பிள்ளை எண்டு சொல்லிப்போட்டன்” என்று இக்னேசியஸ் அண்ணையே பலகைச் சுவருக்கு அப்பால் இருந்து எனக்குச் சொல்லியிருக்கிறார். மறைத்தது வெளியே வந்தால் அவருடைய குடியுரிமைக் கடுதாசி ஆடும். அதோடு கிளடிஸும் பிள்ளைகளும் கொட்டாஞ்சேனையிலேயே இருக்க வேண்டியதுதான்.

அவர் கைகள் இன்னும் தட்டின இடத்திலேயே நின்றன.

“அது நானில்லை,” என்றார்.

“என்ன?”

“அது நானில்லை. ஆரோ மெக்சிக்கன்.”

“இப்பத்தானே அண்ணை துள்ளினியள்!” என்றான் சுலக்சன்.

அவர் குசினிக்குள் போய்விட்டார். அன்று டொக் கேட்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் கேட்கவில்லை. கிளாஸ்களை ஈரத்தோடு அப்படியே கவிழ்த்தார். காலையில் எடுத்தால் அடியில் வெள்ளை வளையம் இருந்தது. மேலே விநாயகமூர்த்தி அண்ணையின் அறையில் தட்டச்சு இயந்திரம் கேட்டது. ஊரில் இதைப் பெட்டிசம் அடிப்பது என்பார்கள்: மேலிடத்துக்குப் பெயர் போடாமல் எழுதும் முறைப்பாடு. மாற்றலாகிப் போன ஆசிரியர்கள், வேலை நின்றுபோன ஓவசியர்கள் என்று கச்சேரிக் காலத்துப் பெட்டிசங்களைப் பற்றி அவர் ரசித்துச் சொல்லியிருக்கிறார். எழுதியது யார் என்று மட்டும் சொல்லமாட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வீட்டில் இதுவரை நடக்காத காரியம். வந்தவர் இராஜரட்ணம் அங்கிள், பக்கத்துத் தெரு, இளைப்பாறிய தபாலதிபர். சோறு முடிந்ததும் விநாயகமூர்த்தி அண்ணை கசெற்றைப் போட்டார். தொட்டியடி வந்ததும் நிறுத்தினார். படம் குறுக்குக் கோடுகளோடு நடுங்கிக்கொண்டு நின்றது.

“இக்னேசியஸ், இஞ்சை ஒருக்கால் வாரும்.”

அவர் வந்து கதவடியில் நின்றார்.

“கிளாஸ் துடைக்கிறதை விட்டிட்டீர் போலை?”

“கை நோகுது.”

“ஓகோ.” விநாயகமூர்த்தி அண்ணை என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீர் சொல்லும். உவர் எப்பிடித் துடைக்கிறவர்? நீர்தானே எந்த நேரமும் ஒரு மூலையிலை இருந்து பாத்துக்கொண்டிருக்கிறனீர்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று விரல், பெருவிரல், மூன்று சுற்று, வலது கண், மணிக்கட்டு. வாயைத் திறந்தால் வரிசையாக வந்துவிடும்போல் இருந்தது.

“நான் கவனிக்கேல்லை அண்ணை.”

“கவனிக்கேல்லை!” அவர் இராஜரட்ணம் அங்கிளைப் பார்த்துச் சிரித்தார். “கவிதை வாசிக்கிறவர். ஒரு இலை விழுந்தால் மூண்டு பக்கம் வாசிப்பார். ஒரு வருசமா முன்னாலை கிளாஸ் துடைக்கிற மனிசனைக் கவனிக்கேல்லையாம்.”

ஒரு வருடம் அல்ல, ஐந்து மாதம். நான் திருத்தவில்லை.

அவர் குசினிக்குப் போய் மேல் தட்டிலிருந்து நீலக்கோட்டுக் கிளாஸை எடுத்தார். குழாயில் நனைத்தார். ஒரு கையில் அதையும் மறுகையில் துவாயையும் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

“துடையும்.”

இக்னேசியஸ் அண்ணை அசையவில்லை. “இது உங்கடை கிளாஸ்.”

“நானே தாறன். இண்டைக்குத் தொடலாம்.”

இராஜரட்ணம் அங்கிள் தன் கால்களைப் பார்த்தார்.

“நான் உங்களுக்கு என்ன செய்தனான்?” என்றார் இக்னேசியஸ் அண்ணை. “பாட்டுப் போட்டன். கருவாடு பொரிச்சன். அதுக்கோ?”

விநாயகமூர்த்தி அண்ணை நீட்டிய கையை இறக்கவில்லை. கிளாஸிலிருந்து தண்ணீர் கம்பளத்தில் சொட்டியது. “என்ரை மகன் ஜேர்மனியிலை ரெண்டு வருசம் இருந்தவன். இங்கை வந்து போமிலை உள்ளதை உள்ளபடி எழுதினான். நான்தான் எழுதச் சொன்னனான். அரசாங்கத்துக்குப் பொய் எழுதக்கூடாதெண்டு. அவனைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். இப்ப வவுனியாவிலை முகாமிலை கிடக்கிறான். நீர் பொய்யை எழுதிப்போட்டு, இங்கை ஆட்டுப்பாட்டுக் கேட்டுக்கொண்டு, மனிசியையும் கூப்பிடப் போறீர். துடையும் எண்டுறன்!”

அவருக்கு ஒரு மகன் இருந்தது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

இக்னேசியஸ் அண்ணை கிளாஸை வாங்கினார். துவாயை வாங்கவில்லை. குசினிக்குப் போய்க் கிளாஸ் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். எங்கள் நடுவில் நின்று, நீலக்கோட்டில் உதடு முழுவதும் படிய, மடக்கு மடக்காகக் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதித் தண்ணீரோடு கிளாஸை ரீவியின் மேல் வைத்தார், நடுங்குகிற அந்தப் பொடியனுடைய தலைக்கு மேலே.

“நான் ரெக்சஸுக்குப் போகேல்லை,” என்றார். “ஒருநாளும் போகேல்லை. கப்பல்லை வேலை செய்தனான், கொழும்பிலையிருந்து திருகோணமலைக்கு. அவ்வளவுதான். சொன்னதெல்லாம் புழுகு.”

“அப்ப அந்தப் பாட்டுக்காரன் உங்கடை மீன்கறியைத் திண்டிட்டு அழுதது?” சுலக்சன் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. பறிகொடுத்தவன் மாதிரிக் கேட்டான்.

“பொய்.”

“தொப்பி தந்தது?”

“பொய்யடா. எனக்கு ஆர் தொப்பி தாறது? நான் புழுகன். நீ முதல்நாளே சொன்னனீ. போதுமோ?”

விநாயகமூர்த்தி அண்ணை ரீவியை நிறுத்தினார்.

“அப்ப நான் எழுதுறதிலை உமக்குப் பயம் இல்லைத்தானே?”

“எழுதுங்கோ. உங்களுக்கு வேறை என்ன தெரியும்?”

திங்கட்கிழமை காலை விநாயகமூர்த்தி அண்ணை கோட் போட்டுக்கொண்டு, பனியில் சறுக்காமல் அடியெடுத்து வைத்துத் தபாற்பெட்டி வரை போனதை யன்னலால் பார்த்தேன். நீலக்கோட்டுக் கிளாஸ் குப்பைப் பையில் கிடந்தது, உடையாமல்.

அதற்கு முதல், ஞாயிறு பின்னேரமே, பலகைச் சுவரில் தட்டுக் கேட்டது.

“தம்பி.”

“என்ன அண்ணை?”

“நீ ஏன் பொய் சொன்னனீ?”

நான் எழும்பிக் கட்டிலில் இருந்தேன்.

“உன்னை ஆர் கேட்டது? எனக்காக ஒருத்தரும் பொய் சொல்லத் தேவையில்லை. உன்ரை மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். நாளைக்கு ஒரு ஒபிசர் வந்து உன்னை முன்னாலை இருத்தினா எல்லாத்தையும் கக்கிப்போடுவாய். இனி நான் நிக்கிற இடத்திலை நிக்காதை.”

அதன் பிறகு அவர் என்னிடம் கடிதம் தரவில்லை. வந்தவற்றைச் சுலக்சனிடம் கொடுத்து வாசிப்பித்தார். அவன் பாதியை விட்டுவிட்டு வாசிப்பான். நான் குசினிக்குள் போனால் அவர் வெளியேறுவார். பாட்டுக் கசெற்றுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் குப்பை நாளன்று வெளியே வைத்தார். அரசாங்கக் கடித உறை வரும் ஒவ்வொரு நாளும் அவர் மேல்சட்டையோடு படியில் இருந்து அதைக் கையில் புரட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். யார் வாசித்தாலும் கேட்பதற்கு முன் கொஞ்ச நேரம் அப்படி இருக்க வேண்டியிருந்தது அவருக்கு.

ஒருவரும் அவரை விசாரணைக்குக் கூப்பிடவில்லை. விநாயகமூர்த்தி அண்ணை ஆவணியில் இரண்டாவது பெட்டிசம் அடித்தார், படத்தின் பெயரும் திகதியும் நேரமும் போட்டு. அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. 1996 வைகாசியில் கிளடிஸுக்கும் பிள்ளைகளுக்கும் விசா வந்தது. புழுகன் என்று ஒத்துக்கொண்டபடியால்தான் தப்பினார் என்று சுலக்சன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் தன் சாமானை இரண்டு பையில் எடுத்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் போனார். அந்த இலையுதிர்காலத்தில் வீடும் கலைந்தது. விநாயகமூர்த்தி அண்ணை விட்டுப்போன பெட்டிக்குள் அந்த வீடியோக் கசெற் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரே ஒருமுறை அவரைக் கண்டேன். 1998இல், அஜக்ஸில், தெரிந்த ஒருவருடைய பிள்ளையின் புதுநன்மை விருந்தில். கிளடிஸ் அன்ரி உயரமான, அதிகம் பேசாத பெண். மூத்த மகளுக்குப் பதினைந்து வயது இருக்கும். யாரோ கிற்றார் வாசித்தார்கள், பழைய கன்ரி பாட்டு ஒன்று. மகள் தகப்பனிடம், “அப்பா, what is this music?” என்று கேட்டாள்.

“ஆருக்குத் தெரியும்,” என்றார். “வெள்ளைக்காரற்றை.”

என்னைக் கண்டதும் வேறு கதிரைக்கு மாறி இருந்தார்.

1999இல் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. செலீன் அக்கா அங்கேதான் இன்னமும் இருந்தார். பழைய கோப்புகளைக் களஞ்சியத்துக்கு அனுப்பப் பெட்டிகளில் அடுக்கச் சொன்னார். மூன்றாவது பெட்டியில் அந்தப் பெயர் இருந்தது. திறந்திருக்கக் கூடாது. திறந்தேன்.

செலீன் அக்கா என் தோளுக்கு மேலால் பார்த்தார். “ஆ, உவர். ரெக்சஸை விடச் சொன்னவர். நான் விடேல்லை. பொய்ப் போமிலை நான் மொழிபெயர்ப்பாளர் எண்டு கையெழுத்து வைக்கிறேல்லை. வாசிச்சுக் காட்டேக்கை அந்த வரியை மட்டும் வாசிக்கேல்லை, அவ்வளவுதான். சொல்லியிருந்தா எழும்பி வேறை ஆளிட்டைப் போயிருப்பார்.”

“பிறகாவது சொன்னீங்களோ?”

“அவர் பிறகு இந்தப் பக்கமே வரேல்லையே. ஏன், ஏதும் பிரச்சினையோ?”

இரண்டாம் பக்கத்தில், செலீன் அக்காவின் வட்டமான இங்கிலிஷ் எழுத்தில் இருந்தது: 1973 கார்த்திகை தொடக்கம் 1976 ஆனி வரை, ரெக்சஸ், பீர் மண்டபம் ஒன்றில் கிளாஸ் கழுவுபவர், திருப்பி அனுப்பப்பட்டவர். அதோடு குத்தியிருந்தது அவருடைய கோரிக்கையை ஏற்ற கடிதம். போமில் சொல்லியிருப்பவை அனைத்தையும் நம்புவதாக அதில் எழுதியிருந்தது. திகதி 1990 பங்குனி.